முடிச்சுக்குள் வேறு ரூபாய்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை. மராத்திச் சீமையில், நிக்டியில் அந்த மூன்றாம் மாடி வீட்டின் தரையெல்லாம் திறந்த பெட்டிகள். வியாழக்கிழமை ரயில். சென்னை போய், அங்கிருந்து மாயவரம், அங்கிருந்து வைத்தீஸ்வரன் கோவில்.

இந்தப் பயணத்துக்காக அபயாம்பாள் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. ஜெர்மனியில் வேலை கிடைத்த நாளிலிருந்து "கிளம்பற வரைக்கும் இங்கே ஆபீஸ்ல லீவ் கிடையாதும்மா" என்று நழுவிக்கொண்டிருந்தான் பிள்ளை ஷ்ரேயஸ். கணவர் கிருஷ்ணஸ்வாமிக்குத் திடீரென்று முட்டிவலி வந்தது. இரண்டு பேரையும் கெஞ்சி, மிரட்டி, ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்து, போன வாரம்தான் மூன்று டிக்கெட் போட வைத்தாள். அவன் விமானம் ஏறுவதற்கு முன்னால், அவன் பேரில் முடிந்து வைத்த காசைக் கோவில் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு.

குளித்துவிட்டு பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுப் பட்டு, காசு முடிந்த துணி மஞ்சள் போய்ப் பழுப்பாகியிருந்தது. ஊருக்குப் போகும் முன் புதுத் துணிக்கு மாற்ற வேண்டும்.

காசு முடிந்து வைப்பதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்காவது உடம்பு மிகவும் முடியாமல் போனால், வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நடுவில் ஒரு ரூபாயை வைத்து, பேரும் நட்சத்திரமும் சொல்லி, 'பிழைக்க வை, உன் சன்னிதிக்கு அழைத்து வருகிறேன்' என்று வேண்டிக்கொண்டு முடிச்சுப் போடுவார்கள். அது சுவாமிக்குக் கொடுக்கிற கூலி இல்லை. நான் வருவேன் என்பதற்கு வைக்கிற சாட்சி. தேறியதும் அதே காசைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. துணி நைந்தால், முடிந்தவளே மாற்றலாம்.

அபயாம்பாள் முடிந்தது 2021 ஏப்ரலில். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஷ்ரேயஸ் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெற்றவளைக்கூட உள்ளே விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், பூஜை டப்பாவைக் கவிழ்த்து, இருந்ததிலேயே பெரிய, கனமான, பழைய ரூபாயாக எடுத்தாள். அது கையில் சூடேறும் வரை பிடித்திருந்து, பிறகுதான் முடிந்தாள்.

இன்று முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

உள்ளே சின்னக் காசு.

பஸ்ஸில் கண்டக்டர் மீதி கொடுப்பாரே, அந்தக் காசு. எடையே இல்லை. அபயாம்பாள் துணியை உதறினாள். மனைப்பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். எதுவும் இல்லை. அந்தச் சின்னக் காசைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

2022. வருஷத்துக்கு அடியில் ஒரு சின்ன வைரக் குறி.

'மும்பை' என்று மனசு தானாகச் சொல்லிற்று. உடனே எரிச்சல் வந்தது. முப்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஏறியிருந்த பாடம் அது. நம் நாட்டில் நாணயம் அச்சாவது நாலு ஊரில். வருஷத்துக்கு அடியில் வைரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. எதிரில் யார் உட்கார்ந்தாலும் கிருஷ்ணஸ்வாமி இதைச் சொல்லாமல் விடமாட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் விட்டதில்லை.

2021-இல் முடிந்த துணிக்குள் 2022-இல் அச்சான காசு எப்படிப் போகும்?

துணிக்கு மேலே தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தக் காலத்து ரூபாய் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருத்தர்தான்.

அவர் ஹாலில், ஜன்னல் வெளிச்சத்தில், ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

கிருஷ்ணஸ்வாமி ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வரைபடத்தில் போட்ட அளவுக்கு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவதுதான் அவர் உத்தியோகம். காசு சேர்ப்பதிலும் அதே கை. ஒரு காலத்தில் பிஸ்கெட் டின் நிறையக் கண்ட காசும் கிடந்தது. முதலில் வெளிநாட்டுக் காசெல்லாம் போயிற்று. பிறகு பைசாக்கள் போயின. ரூபாய் மட்டும் என்றார். அப்புறம் வருஷத்துக்கு, அச்சடிக்கிற மின்ட்டுக்கு ஒன்று போதும் என்றார். கடைசியில், அந்த ஒன்றும் இருப்பதிலேயே தேயாததாக இருக்க வேண்டும் என்று வந்து நின்றார். இப்போது எல்லாம் ஒரே ஆல்பத்தில் அடக்கம். நல்லது ஒன்று உள்ளே வந்தால், அதே இடத்தில் இருந்த பழையது வெளியே போகும். சேர்க்கத் தெரிந்தவன் எல்லாம் சேகரிப்பவன் இல்லை, கழிக்கத் தெரிந்தவன்தான் என்பது அவர் கட்சி.

அபயாம்பாள் அந்தச் சின்னக் காசை ஆல்பத்தின் மேலேயே போட்டாள்.

"ஐயையோ, பாத்துப் போடு! கீறல் விழுந்துடும்" என்றார் அவர்.

"இது யார் வெச்சது?"

கிருஷ்ணஸ்வாமி காசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால், நிதானமாக ஒரு விஷயம் விளக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"அபயம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"யார் வெச்சதுன்னு கேட்டேன்."

"நான்தான். இதுல என்ன இருக்கு? ஒரு ரூபாயை எடுத்தேன், ஒரு ரூபாயை வெச்சேன். வேண்டுதல் ஒரு ரூபாய். உள்ளே இருக்கறதும் ஒரு ரூபாய். ரூபாய்க்கு ரூபாய் சரியாப் போச்சே!"

அபயாம்பாளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வந்த வேகத்தில் அது வேறொன்றாக மாறிற்று.

"என்ன சொன்னேள்? ரூபாய்க்கு ரூபாய் சரியாப் போச்சா? முப்பது வருஷமா இந்த வீட்டுல என்ன பேச்சு நடந்தது? 'ஒரு ரூபாய் மாதிரி இன்னொரு ரூபாய் இருக்காது அபயம்'னு சொன்னது யார்? நான் காய்கறிக்காரனுக்கு உங்க ரூபாயைக் கொடுத்துட்டேன்னு மூணு நாள் சாப்பிடாம இருந்தது யார்? உங்களுதுன்னா ஒவ்வொண்ணும் வேற வேற. ஸ்வாமிதுன்னா மட்டும் எல்லாம் ஒண்ணா?"

"அது வேற, இது வேற..."

"என்ன வேற? வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

உள்ளறைக் கதவு திறந்து ஷ்ரேயஸ் வந்தான். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "காய் ஜாலா? என்ன ஆச்சு? அம்மா, பார்க்கிங் வரைக்கும் கேக்கறது."

"கேக்கட்டும். உனக்காக முடிஞ்ச காசை உன் அப்பா எடுத்துண்டுட்டார்."

"எடுத்துண்டுட்டார்னா? சோரியா?"

"டேய், திருட்டு, சோரின்னெல்லாம் சொல்லாதே!" என்று கிருஷ்ணஸ்வாமியும் குரலை உயர்த்தினார். "போன தீபாவளிக்கு முன்னாடி கார்ப்பெண்டர் வந்தானே, பூஜை அலமாரிக்கு. சாமானெல்லாம் நான்தான் எடுத்து வெச்சேன். முடிச்சு கைல தட்டுப்பட்டுது. பெரிய ரூபாய்னு தெரிஞ்சுது. ஒரு தரம் பாத்துட்டுக் கட்டிடலாம்னுதான் அவிழ்த்தேன். பாத்தா எண்பத்தஞ்சு, H!"

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்ததை அபயாம்பாள் பார்த்தாள்.

"ஷ்ரேயஸ், உனக்குத் தெரியுமோ? அந்த வருஷம் இங்கே மின்ட்டால சமாளிக்க முடியலை. அதனால வெளிநாட்டுல அச்சடிச்சு வாங்கினா. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல அடிச்சதுக்கு வருஷத்துக்குக் கீழே H எழுத்து. என்கிட்ட ஒண்ணு இருந்தது. ஆனா சிங்கத்தோட முகமெல்லாம் தேஞ்சுபோச்சு. காசுல எது மேடோ அதுதானே முதல்ல தேயும்? இதுல பிடரி மயிர் ஒவ்வொரு இழையும்..."

"ஏன்னா!"

அவர் நிறுத்தினார்.

"அதைக் கொண்டாங்கோ. இப்பவே. முடிஞ்சுடறேன். இந்தப் பேச்சே வேண்டாம்."

கிருஷ்ணஸ்வாமி ஆல்பத்தின் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தையே மறுபடி புரட்டினார்.

"இதுல இல்லை. அப்புறம் அதைவிட நல்லது ஒண்ணு கிடைச்சுது. அதனால அது டூப்ளிகேட் ஆயிடுத்து."

"ஆயிடுத்து. அப்புறம்?"

"ஹார்டுவேர் கடை தாவூத் பாய்கிட்ட அம்பத்து நாலாம் வருஷத்து ரூபாய் ஒண்ணு இருந்தது. அது எங்கேயும் கிடைக்காது அபயம். பத்து வருஷமா என் ஆல்பத்துல அந்த ஒரு இடம்தான் காலி. அவருக்கு H பைத்தியம். அதையும் இன்னும் சிலதையும் கொடுத்து மாத்திண்டேன்."

அபயாம்பாள் வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கட்டியிருந்தது வீட்டுப் புடவை. அதை மாற்றக்கூட இல்லை.

"ஷ்ரேயஸ், வண்டியை எடு. ஆகுர்டிக்கு. ஏன்னா, நீங்களும் வாங்கோ."

ஷ்ரேயஸ் காரை எடுத்தான். வழியில் கிருஷ்ணஸ்வாமி, "ஞாயித்துக்கிழமை, கடை திறந்திருக்கானோ என்னமோ" என்றார். "வீடு மாடிலதானே" என்றாள் அபயாம்பாள், ரோட்டைப் பார்த்தபடி.

கடை திறந்துதான் இருந்தது. ஆணி, ஸ்க்ரூ, தாழ்ப்பாள், கீல் விற்கிற ஹார்டுவேர் கடை. தாவூத் மேலப்பாளையத்திலிருந்து வாலிபத்தில் வந்து இங்கேயே வேரூன்றியவர். கிருஷ்ணஸ்வாமி தொழிற்சாலையில் இருந்த நாளிலேயே காசு மூலமாகத்தான் சிநேகம். ஸ்க்ரூ வைக்கிற குட்டிக் குட்டி அறைகள் உள்ள பெட்டி ஒன்றில், கல்லாவுக்கு அடியில், தன் சேகரிப்பை வைத்திருப்பார்.

"வாங்க மாமி! என்ன அதிசயமா இருக்கு. தம்பி, நீயுமா? ஃபஹ்மிதா, மூணு டீ அனுப்பு!" என்று மாடியில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"டீ வேண்டாம் பாய். எண்பத்தஞ்சாம் வருஷத்து ரூபாய் ஒண்ணு இவர் உங்ககிட்ட கொடுத்தாரே, அது வேணும்."

தாவூத் கிருஷ்ணஸ்வாமியைப் பார்த்தார். அவர் தாழ்ப்பாள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நேர்ந்து முடிஞ்ச காசு பாய். இந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தானே, அப்ப."

தாவூத் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகம் மாறியதை ஷ்ரேயஸும் பார்த்தான்.

"என்ன சார் இது? நேர்ச்சைக் காசா? ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க! தெரிஞ்சிருந்தா என் கை அதுல பட்டிருக்குமா? நாங்களும் தர்காவுக்கு நேந்து உண்டியல்ல போடுதவங்கதான். அதை எடுத்து எவனாவது யாவாரம் பண்ணுவானா? என்னையும்லா அந்தப் பாவத்துல கூட்டுச் சேத்துட்டீங்க!"

"தாவூத் பாய், இது ஒரு எக்ஸ்சேஞ்ச். நீங்களும் சந்தோஷமாத்தானே வாங்கிண்டேள்?"

"தெரியாம வாங்குனேன் சார். தெரிஞ்சு கொடுத்தது நீங்க."

கிருஷ்ணஸ்வாமிக்குக் காது சிவந்தது. தாவூத் அதற்கு மேல் அவரோடு பேசாமல், கல்லாவுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். ஓர் அறையைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார்.

மூன்று ரூபாய்கள். மூன்றும் பெரியவை. மூன்றிலும் 1985. மூன்றிலும் வருஷத்துக்கு அடியில் H.

"என்கிட்ட ஏற்கெனவே மூணு இருந்துது மாமி. சார் கொடுத்ததையும் அதோடயே போட்டுட்டேன். ஆக நாலு. எல்லாம் ஒரே தரம். அதனால தனியா வைக்கணும்னு தோணலை."

"இது மூணுதானே இருக்கு?"

"சொல்லுதேன். முதல்ல இதுல உங்களுது இருக்கான்னு பாருங்க."

கிருஷ்ணஸ்வாமிக்கு உயிர் வந்தது. இது அவர் வேலை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, திருப்பி, கீழே வைத்தார். தொழிற்சாலையில் இப்படித்தான் நின்றிருப்பார் போல.

"இதுதான்" என்று நடுவில் இருந்ததை நகர்த்தினார். "சந்தேகமே இல்லை."

அபயாம்பாள் அதைக் கையில் எடுத்தாள். குளிர்ந்திருந்தது. அதே கனம். கிழங்கு மஞ்சள் குழைத்த தண்ணீரில் நனைத்த துணி, அத்தனை மாதம் ஒட்டிக் கிடந்த காசு. ஒரு கறையாவது இருக்க வேண்டாமோ?

"மஞ்சள் எங்கே?"

"அது... வெச்சுக்கறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல போட்டு எடுத்தேன். தேய்க்கக் கூடாது, தேய்ச்சா காசு கெட்டுடும். அசிட்டோன்னா அழுக்கையும் பிசுக்கையும் மட்டும் கரைச்சுடும். உலோகத்தை ஒண்ணும் பண்ணாது."

"அழுக்கையும் பிசுக்கையும்" என்று திருப்பிச் சொன்னாள் அபயாம்பாள். "ஆயுஷ்ஹோமம் பண்ண ஆள் கிடைக்காம, கோவில் எல்லாம் பூட்டிக் கிடக்கறச்சே, நான் ஒருத்தி குழைச்ச மஞ்சள். அது அழுக்கு."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை..."

"சரி. இதுதான்னு சொல்றேளே, நிச்சயமா?"

"நிச்சயம்."

"ஷ்ரேயஸ், இங்கே வா. ஏன்னா, இவன் தலையில கையை வெச்சு, இதுதான் நான் அவிழ்த்து எடுத்த காசுன்னு சொல்லுங்கோ."

"அம்மா, இது என்ன டிராமா..." என்று ஷ்ரேயஸ் பின்வாங்கப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிள்ளை, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

கிருஷ்ணஸ்வாமியின் கை பாதி தூரம் உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கிற்று.

கடைக்கு ஒருத்தர் வந்து மராத்தியில் கால் இன்ச் ஸ்க்ரூ கேட்டார். தாவூத் கையைக் காட்டிப் பிறகு வரச்சொன்னார்.

"மூணும் ஒரே தரம் அபயம்" என்றார் கிருஷ்ணஸ்வாமி, குரல் எழாமல். "தேய்மானம் ஒரே மாதிரி. நான் பாத்தது தரத்தைத்தான். இது அதுதானான்னு... அப்படிப் பாக்கலை."

"அதாவது உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரியாதுன்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன? எதையோ ஒண்ணைத் தள்ளி என் வாயை அடைச்சுடலாம்னு பாத்தேளா? உண்டியல்ல நான் யாரோட காசையோ போட்டுட்டு, வேண்டுதல் முடிஞ்சுதுன்னு கன்னத்துல போட்டுண்டு வரணும். அதானே?"

அவர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

தாவூத்தான் வழி சொன்னார். "மாமி, மூணையும் எடுத்துக்கிடுங்க. எது உங்களுதுன்னு தெரியலைன்னா எல்லாத்தையும் போட்டுருங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஆனா நாலாவது ஒண்ணு வெளிய போயிருக்கு. கடக்வாஸ்லா பக்கம் ஒரு சுபேதார் இருக்காரு, மிலிட்டரியில ரிடையர் ஆனவரு. போன மாசம் அவர்கிட்ட மாத்துனேன். அது உங்க காசா, என் காசான்னு எனக்கும் தெரியாது."

"அவரைக் கேளுங்கோ."

தாவூத் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். சுபேதார் மராத்தி கலந்த ஹிந்தியில் உரக்கப் பேசினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். காசு தன்னிடம்தான் இருக்கிறதாம். கோவில் காரியம் என்றால் மறுக்கமாட்டாராம். ஆனால், அந்த ஐம்பத்து நாலை முதலில் கேட்டுவைத்தது தான்தானே, அதை எவனோ ஒரு மதராஸி குறுக்கே புகுந்து தட்டிக்கொண்டு போனானே, அவன்தானே இவன்? அப்படியானால் அந்த ஐம்பத்து நாலை எடுத்துக்கொண்டு அவனே நேரில் வரட்டும். இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம்.

போன் அணைந்தது.

"கொள்ளை! பகல் கொள்ளை!" என்று கத்தினார் கிருஷ்ணஸ்வாமி. "எண்பத்தஞ்சுக்கு அம்பத்து நாலா? இது இருக்கற இடம் என்ன, அது இருக்கற இடம் என்ன? சுத்தமான நிக்கல் காசு அது. காந்தத்தை வெச்சா ஒட்டிக்கும், தெரியுமா? அதுக்கப்புறம் அடிச்ச தாமிரம் கலந்த ரூபாய் எதுவும் ஒட்டாது. பத்து வருஷம் தேடியிருக்கேன் பாய்! நீங்க சொல்லுங்கோ, நியாயமா இது?"

"நியாயத்தை என்கிட்ட கேக்காதீங்க சார்" என்றார் தாவூத். "இன்னிக்கு மட்டும் கேக்காதீங்க."

அபயாம்பாள் மூன்று காசுகளையும் தலைப்பில் முடிந்துகொண்டாள். மாடியிலிருந்து ஃபஹ்மிதா இறக்கிய டீ, தொடாமல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

கணவனும் மனைவியும் கடைவாசலிலேயே இன்னொரு சுற்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, தாவூத் ஷ்ரேயஸின் தோளில் கைபோட்டு அவனைக் கார் வரை அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வீடு வந்ததும் அபயாம்பாள் நேராக ஹாலுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தாள்.

"அதைத் தொடாதே! கைவேர்வை பட்டா..."

"தெரியும். முகத்துல விரல் படக் கூடாது, விளிம்புலதான் பிடிக்கணும். இதையும் நீங்கதானே சொல்லிக் கொடுத்தேள்?"

முதல் பக்கத்தில் இருந்தது ஐம்பத்து நாலு. அவள் அதன் அறையை மெல்லப் பிதுக்கி, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து எடுத்தாள். கிருஷ்ணஸ்வாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டு, அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"கடக்வாஸ்லாவுக்குப் போய் மாத்திண்டு வாங்கோ."

"அபயம், யோசிச்சுப் பாரு. மாத்திண்டு வந்தாலும் அந்தக் காசுதான் உன் காசுன்னு என்ன நிச்சயம்? மூணுல ஒண்ணா இருந்தா? நான் இதை அநியாயமா இழந்ததுதானே மிச்சம்?"

"நாலும் சேர்ந்துட்டா அதுக்குள்ளே என்னுது இருக்கும். அது நிச்சயம். மூணு மட்டும் இருந்தா, நிச்சயம் இல்லை. இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவருக்கு இதை நான் விளக்கணுமா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் கார்ல விடறேன் அப்பா" என்றான் ஷ்ரேயஸ்.

"நீ உக்காரு" என்றாள் அபயாம்பாள். "அவிழ்த்தவர் தனியாத்தானே அவிழ்த்தார்? தனியாவே போகட்டும். பக்தி-சக்தி ஸ்டாப்புல பஸ் ஏறினா ஸ்வார்கேட்ல மாறணும். அவருக்கு வழி தெரியும்."

கிருஷ்ணஸ்வாமி செருப்பை மாட்டினார். வாசலில் திரும்பி, "முட்டிவலியோட போறேன்" என்றார். படியிறங்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

அபயாம்பாள் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தலைப்பை அவிழ்த்து மூன்று காசையும் தாம்பாளத்தில் வைத்தாள். கோபம் இன்னும் தணியவில்லை. தணிய அவள் விடவும் இல்லை.

ஷ்ரேயஸ் பின்னால் வந்து நின்றான்.

"அம்மா. ஒண்ணு சொல்லணும். நீ கத்தக் கூடாது."

"சொல்லு."

"தாவூத் அங்கிள் சொன்னார். அந்த ஆல்பம்... அப்பா தனக்கு வெச்சுக்கலை. எனக்கு. ஜெர்மனி போறச்சே ஏர்போர்ட்ல சர்ப்ரைஸா கொடுக்கணும்னு. அதுக்குத்தான் ஒவ்வொண்ணும் பெஸ்டா, ஒரு இடம்கூட காலியா இல்லாம பண்ணிண்டிருந்தாராம். அந்த 1954 கடைசி. அது கிடைச்ச அன்னிக்கு கடைல நின்னு அழுதாராம்."

அபயாம்பாள் திரும்பவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கொடுக்கறதுக்கு" என்றாள், வார்த்தை வார்த்தையாக, "உன் உசிருக்கு முடிஞ்ச காசைத்தான் எடுக்கணுமா அந்த மனுஷன்?"

"அவருக்கு அது புரியலைம்மா. சச்சி, நிஜமாவே புரியலை."

"வாயைத் திறந்து இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே காலம்பரவே! பர்மிங்ஹாம் கதை சொல்லத் தெரியறது. நட்சத்திரம், புள்ளி எல்லாம் சொல்லத் தெரியறது. இதைச் சொல்ல வாய் வரலையா?"

கத்தக் கூடாது என்று சொன்னவன், அவள் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். அவன் கையில் கார் சாவி இருந்தது.

"பஸ் இன்னும் எடுத்திருக்க மாட்டான். போய் நிறுத்தட்டுமா? எனக்கு அந்த ஆல்பம் முழுசா வேணும்னு இல்லை. ஆனா அப்பாவுக்கு... நீ சொல்லு. நிறுத்தட்டுமா, வேண்டாமா?"

அபயாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே சொசைட்டிக் குடியிருப்பின் வாசலைத் தாண்டி, சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்தியபடி, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தார் கிருஷ்ணஸ்வாமி.

"நிறுத்தாதே" என்றாள். "பஸ் பின்னாலேயே போ. சுபேதார் வீடு வரைக்கும் போ. உன் அப்பா அந்தக் காசை எடுத்து அவர் கையில நீட்டற வரைக்கும் நீ கண்ணுல படாதே."

"நீட்டிட்டார்னா?"

"கார்ல ஏத்திண்டு வா. நாலு காசையும் அவர் கையாலேயே முடியச் சொல்றேன்."

"நீட்டலைன்னா?"

"அங்கேருந்தே எனக்குப் போன் பண்ணு" என்றாள் அபயாம்பாள். "வியாழக்கிழமை டிக்கெட்ல ஒண்ணைக் கேன்சல் பண்ணணும்."